மான்குட்டிக்கு அழுத காடு

மைனாக்கள் செய்தி சுமக்கும் காடு அது. ஒரு மரத்தில் சொன்னால் போதும், ஒரு நாழிகைக்குள் காடு முழுக்கத் தெரிந்துவிடும். அங்கே ஒரு வழக்கமும் இருந்தது. கேட்ட செய்தியைப் பத்துப் பேருக்குச் சொல்லாமல் யாரும் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டார்கள். சொல்லி முடித்ததும் ஏதோ பெரிய காரியம் செய்துவிட்ட திருப்தியில் படுத்துவிடுவார்கள்.

ஒருநாள் காலையில் புள்ளிமானின் குட்டி, யானை பிடிக்க மனிதர்கள் எப்போதோ வெட்டிய பழைய குழியில் விழுந்துவிட்டது. நல்ல ஆழம். பொழுது சாய்ந்தால் சிறுத்தை அந்த வழியாகத்தான் தண்ணீருக்கு வரும். தாய்மான் மைனாவைக் கூப்பிட்டு அழுதது.

செய்தி பறந்தது. கரடி தேம்பித் தேம்பி அழுதது. குரங்குகள் மார்பில் அடித்துக்கொண்டன. குழி வெட்டிய மனிதர்களைக் காட்டுப்பன்றிகள் வாய்க்கு வந்தபடி திட்டின. மயில், இன்று ஆடப்போவதில்லை என்று அறிவித்தது. எல்லாரும் இருந்த இடத்தில் இருந்துகொண்டே அடுத்த பத்துப் பேரைத் தேடினார்கள். குழிப்பக்கம் ஒரு ஈ காக்கைகூட வரவில்லை.

உச்சிவேளையில் ஒரு முயல் மூச்சிரைக்க ஓடிவந்து தாய்மான் முன்னாலேயே நின்றது.

"அக்கா, விஷயம் தெரியுமா? பாவம், ஒரு மான்குட்டி குழியில் விழுந்துவிட்டதாம். நீங்களும் பத்துப் பேருக்குச் சொல்லுங்கள்."

"அது என் குட்டிதான்" என்றது தாய்மான்.

"அப்படியா? அப்போ உங்களுக்கு முன்பே தெரியும். எனக்கு இன்னும் ஒரு ஆள் குறைகிறதே" என்று முயல் அடுத்த புதருக்கு ஓடியது.

பக்கத்துப் பொந்தில் குடியிருந்த கீரி இதைப் பார்த்துக்கொண்டிருந்தது. இந்தக் காட்டில் யாருக்கும் மனசே இல்லை என்று தாய்மான் அதனிடம் புலம்பியது.

"மனசு இருக்கிறது அக்கா. அழுகையும் நிஜம்தான். என்ன செய்யவேண்டும் என்று நாம்தான் சொல்லவில்லை" என்றது கீரி.

அது மைனாவை அழைத்துச் செய்தியை மாற்றியது. குழியில் ஒரு கிளையாவது கொண்டுவந்து போட்டவர்தான் இனி இதை அடுத்தவருக்குச் சொல்லலாம்.

சொல்லாமல் இருக்க யாரால் முடியும்? கரடி ஒரு கட்டையை உருட்டிவந்தது. பன்றிகள் வேரைப் பிடுங்கி இழுத்துவந்தன. குரங்குகள் கிளை கிளையாக ஒடித்தன. குட்டி ஒரு மூலையில் ஒதுங்கி நிற்க, எதிர்மூலையில் குவியல் வளர்ந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டே எல்லாரும் உழைத்தார்கள். குவியல் குழியின் முக்கால்வாசி உயரத்துக்கு வந்துவிட்டது.

அப்போது இன்னொரு மைனா வந்து, மலையடிவாரத்தில் பலா வெடித்து மணக்கிறது என்றது. அவ்வளவுதான். கண்மூடித் திறப்பதற்குள் குழிக்கரை காலி. கரடி பாதிவழி கொண்டுவந்த இரண்டாவது கட்டையை அங்கேயே போட்டுவிட்டு ஓடியது.

தாய்மானுக்கு ஆத்திரம் பொங்கியது. கீரி திட்டவிடவில்லை.

"போகிறவர்கள் போகட்டும் அக்கா. மீதி நம் பாடு."

இருவரும் வாயால் கவ்விக் கவ்விச் சுள்ளிகளை இழுத்துப் போட்டார்கள். வெயில் தாழும் நேரத்தில் குட்டி குவியல்மேல் தட்டுத்தடுமாறி ஏறியது. ஒரே தாவாகத் தாவித் தாயின் கால்களுக்கிடையில் வந்து விழுந்தது. தாய்மான் அதை நக்கிக்கொண்டே நின்றது.

மறுநாள், பலாப்பிசின் ஒட்டிய வாயோடு வந்த கரடி, "யார் வீட்டுப் பிள்ளை இது?" என்று கேட்டது. தாய்மான், நேற்று அது உருட்டிவந்த கட்டைக்காக நன்றி சொன்னது. எந்தக் கட்டை என்று கரடிக்கு நினைவே வரவில்லை.

ஊர் அழுகை ஒரு பொழுதுகூடத் தங்காது. அது தங்கியிருக்கும்போதே அழுகிறவர் கையில் ஒரு வேலையைக் கொடுப்பவர்தான் காரியம் சாதிப்பார்.