ஒரு வேலைகூடச் செய்ய முடியாதவன்

குன்றின் மேல் கோட்டை கட்டிக்கொண்டு ஆண்ட மழவராயருக்கு ஆவுடையப்பர் என்று ஓர் அமைச்சர் இருந்தார். பெரிய புத்திசாலி. ஊரில் யாருக்காவது அதில் சந்தேகம் வந்தால் அவரே போய்த் தீர்த்துவைப்பார்.

பதினைந்து வருஷம் கடல் கடந்த துறைமுகம் ஒன்றில் இருந்துவிட்டு, நாற்பது தாண்டிய பிறகு ஊர் திரும்பியவர். கொண்டுவந்தது இன்னொரு பாஷை, ஒரு குடை, 'அங்கெல்லாம் இப்படி இல்லை' என்ற ஒரு வாக்கியம்.

வந்த கையோடு ராஜாவிடம் ஒரு யோசனை சொன்னார். அரண்மனை வேலைக்காரர் ஒவ்வொருவர் சம்பளத்திலும் பத்தில் ஒரு பங்கைப் பிடித்து ஓய்வு நிதி என்று சேர்ப்பது. வயதானதும் திருப்பிக் கொடுப்பது. நடுவிலேயே உடம்பு முடங்கிப்போனால் ஆயுசு முழுக்கப் பாதிச் சம்பளம்.

ராஜாவுக்குப் பிடித்துவிட்டது. பொக்கிஷ அதிகாரி வன்னியப்பர்தான் குறுக்கே விழுந்தார். "நாளைக்கே அத்தனை பயலும் நொண்டிக்கொண்டு வந்து நிற்பான், ஓய்!"

"அதற்கு ஒரே ஒரு வரி போதும்" என்றார் ஆவுடையப்பர். எழுதினார்: 'ஒரு வேலைகூடச் செய்ய முடியாதவருக்கே உதவி.' எழுதியதை மூன்று முறை வாசித்தும் காட்டினார். அதன் அழகில் அவரே சொக்கிப்போனார்.

விண்ணப்பங்களை விசாரிக்கும் பதவியும் அதற்கான மெத்தையும் அவருக்கே கிடைத்தது. மூன்று வருஷத்தில் பதினோரு பேர் வந்தார்கள். ஒரு கண் போனவனுக்கு மற்றக் கண்ணைக் காட்டினார். கை போனவனுக்குக் காலை ஞாபகப்படுத்தினார். நிதி கொழுத்தது. மெத்தையில் உட்கார்ந்து உட்கார்ந்து ஆவுடையப்பரும் கொழுத்தார்.

பன்னிரண்டாவதாக ஒரு கம்பை ஊன்றிக்கொண்டு வந்தவன் பெத்தணன். இருபத்திரண்டு வருஷம் பல்லக்கில் முன்கொம்பு தூக்கியவன். வலது முழங்கால் போய்விட்டது. எங்கே போனது என்பது ஆவுடையப்பருக்கு நன்றாகவே தெரியும். நாலு மாசத்துக்கு முன் ஓர் அரண்மனை விருந்தை முடித்துவிட்டு அவர் பல்லக்கில் கோட்டைப் படி இறங்கிக்கொண்டிருந்தார். அதாவது, பெத்தணன் இறங்கிக்கொண்டிருந்தான். 'டொக்' என்று ஒரு சத்தம். கொம்புதான் உடைந்தது என்று நினைத்து உள்ளேயிருந்தபடி திட்டினார்.

மெத்தையில் சாய்ந்துகொண்டு வழக்கமான கேள்விகளை ஆரம்பித்தார்.

"கை நன்றாக இருக்கிறதா?"

"இருக்குங்க சாமி."

"கண்?"

"தெரியுதுங்க. உங்களைத்தானே பார்த்துக்கிட்டு இருக்கேன்."

"அப்படியானால் உட்கார்ந்து செய்கிற வேலை ஏதாவது செய்யலாமே?"

"குடுங்க சாமி, செய்யறேன். நாலு மாசமா எங்க வீட்டு உலைக்கும் வேலையில்லை."

"கொடுப்பது என் வேலை இல்லையப்பா. உன்னால் முடியும் என்று சொல்வதுதான் என் வேலை."

பெத்தணன் தலையைச் சொறிந்தான். "அது மட்டும்தானுங்களா சாமி?"

கிண்டல் இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டான். சாய்ந்திருந்த ஆவுடையப்பர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

தாழ்ந்த குரலில், "ஏம்பா, என்னைத் தூக்கும்போது கனமாக இருந்ததா?" என்றார்.

"இருந்துச்சுங்க."

"முடியாது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"அந்த வார்த்தை நம்ம வாயில வராதுங்க சாமி."

ஆவுடையப்பர் மெத்தையை விட்டு எழுந்தார்.

மறுநாள் பெத்தணனைச் சபைக்குக் கூட்டிவந்து அவனுக்கு உதவி கேட்ட ஆவுடையப்பரை வன்னியப்பர் மடக்கினார். "வரி நீர் எழுதியது. முத்திரை ராஜா வைத்தது. இவன் ஒரு வேலையாவது செய்ய முடியுமா, முடியாதா?"

"முடியும்" என்றார் ஆவுடையப்பர்.

பெத்தணனுக்கு முகம் வாடிப்போயிற்று. வன்னியப்பருக்கு வாயெல்லாம் பல்.

"அரண்மனை முழுக்கத் தேடிவிட்டேன், மகாராஜா. சமையலுக்கு நிற்க வேண்டும். தோட்டத்தில் குனிய வேண்டும். காவலுக்குப் படியேற வேண்டும். ஓலை எழுத எழுத்துத் தெரிய வேண்டும். கையும் காலும் படிப்பும் தேவைப்படாத வேலை ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது."

"எது அது?"

"என் வேலை. தலையை இடமும் வலமும் ஆட்ட வேண்டும். கழுத்து நன்றாக இருந்தால் போதும்."

ராஜா மீசைக்குள் சிரித்தார். "விளையாடுகிறீரா?"

"பரீட்சை வைத்துப் பாருங்கள். இவன் தேறினால் மெத்தை இவனுக்கு. நான் குடையை எடுத்துக்கொண்டு கிளம்புகிறேன்."

மெத்தை வந்தது. பெத்தணனை அதில் உட்காரவைத்தார்கள். முள்மேல் உட்கார்ந்தவன் மாதிரி நெளிந்தான். ஆவுடையப்பர் திருப்பி அனுப்பியவர்களில் ஒருவனான ஓடு மாற்றும் சங்கிலி என்பவன் வந்து நின்றான். கூரையிலிருந்து விழுந்து முதுகு வளைந்துபோனவன்.

"இவனுக்கு இல்லை என்று சொல், பெத்தணா. அவ்வளவுதான் வேலை" என்றார் ராஜா.

பெத்தணன் வாயைத் திறந்தான். மூடினான். மறுபடி திறந்தான்.

"சாப்பிட்டியா சங்கிலி?"

"இல்லைண்ணே."

"இல்லை என்று நீதான் சொல்ல வேண்டும்!" என்று வன்னியப்பர் அதட்டினார். "சொல்லுடா!"

பெத்தணனுக்கு நெற்றியெல்லாம் வேர்த்துவிட்டது. மெத்தையிலிருந்து இறங்கித் தரையில் உட்கார்ந்து கும்பிட்டான். "மன்னிக்கணும் மகாராஜா. பல்லக்குகூடத் தூக்கிடுவேன் போல. இது என்னால முடியலைங்க."

ஆவுடையப்பர் அந்த வரி எழுதிய ஓலையை விரித்தார். "மிச்சமிருந்த ஒரே வேலை, மகாராஜா. அதுவும் முடியவில்லை என்கிறான். சபையே பார்த்தது. ஒரு வேலைகூடச் செய்ய முடியாதவன். பாதிச் சம்பளத்துக்கு உத்தரவு போடலாமா?"

ராஜா சிரித்த சிரிப்பில் கிரீடம் ஒரு பக்கம் சாய்ந்தது. "அப்படியென்றால் இந்த ராஜ்யத்திலேயே அந்த வேலையைச் செய்யத் தெரிந்தவர் நீர் ஒருவர்தானா?"

"நேற்று வரை தெரிந்தது, மகாராஜா. இன்று எனக்கும் வரவில்லை. என் விண்ணப்பத்தையும் எழுதியே கொண்டுவந்திருக்கிறேன்."

"அது கிடையாது!" என்றார் ராஜா. பெத்தணனுக்கு அன்றைக்கே உத்தரவானது. அந்த ஒரு வரியை அடித்து, 'பார்த்துவந்த வேலையைப் பார்க்க முடியாதவருக்கு உதவி' என்று எழுதச் சொன்னார். பழைய பதினோரு பேரையும் கூப்பிட்டனுப்பச் சொன்னார். ஆவுடையப்பர் தோளில் ஒரு பட்டுச் சால்வையைப் போர்த்தி, "இவரைப் பல்லக்கில் வீட்டுக்குக் கொண்டுபோய் விடுங்கள்" என்றார்.

பல்லக்கு வந்தது. ஆவுடையப்பர் ஒரு காலை உள்ளே வைத்தார்.

"சாமி" என்றான் பெத்தணன், கம்பை ஊன்றியபடி. "கால் நல்லா இருக்குங்களா?"

"இருக்கிறது."

"கண்ணு?"

"தெரிகிறது."

"அப்ப நடக்கலாங்களே?"