வெறும் ஆட்டுக்கல்

அரிசி போட்ட ஆட்டுக்கல்லுக்கு ஒரு குரல், வெறும் ஆட்டுக்கல்லுக்கு ஒரு குரல். மாவு அரைபடும்போது குழவி முனகும். தண்ணீர் தெளித்தால் சளப்பென்று அடங்கும். ஒன்றும் போடாமல் சுற்றினால் கல்லைக் கல் கடிக்கும். என் சிறு வயதில், ரயிலடிக்குப் பின்னால் ஒரே முற்றத்தைச் சுற்றி ஐந்து குடித்தனங்கள் இருந்தோம். கடைசி வீட்டிலிருந்து சாயங்காலங்களில் அந்தக் கடிக்கிற சத்தம் வரும். இன்றைக்கும் எங்காவது கல் உரசினால் அந்த வீட்டின் பசிதான் எனக்கு ஞாபகம் வருகிறது.

அங்கே இருந்தவள் தையல்நாயகி. புருஷன் போய்ச் சேர்ந்து வெகுகாலம். ஒரே மகன், அதே ஊரின் மறுகோடியில் மாமனார் வீட்டோடு இருந்தான். இந்தப் பக்கம் வருவதில்லை. தன் வீட்டிலும் மாவு அரைபடுகிறது என்று அக்கம்பக்கம் நினைக்கட்டும் என்றுதான் அவள் வெறும் கல்லைச் சுற்றினாள். அக்கம்பக்கத்துக்கு எல்லாம் தெரியும். ஒருவரும் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

அடுத்த வீட்டு மரகதம் மட்டும் தினமும் மத்தியானம் ஒரு தட்டு நிறையச் சோறும் குழம்புமாக வந்து நிற்பாள்.

"அத்தை, உப்பு சரியா இருக்கான்னு பாத்துச் சொல்லுங்க. என் நாக்கு செத்துப்போச்சு."

தையல்நாயகி கடைசிப் பருக்கை வரை உப்புப் பார்ப்பாள். "கொஞ்சம் தூக்கல்தான்டி. நாளைக்குக் கையை அடக்கிப் போடு" என்று தட்டைக் கழுவிக் கொடுப்பாள்.

மரகதத்தின் புருஷன் சிங்காரம் ரயில்வேயில் பாயிண்ட்ஸ்மேன். அவனுக்கு மாற்றல் உத்தரவு வந்தது. இனிமேல் உப்புப் பார்க்கச் சொல்லி யாரும் வர மாட்டார்கள். அதனால் மரகதமே அலைந்தாள். முதியோர் பென்ஷனுக்கு மனு எழுதவைத்து, கிழவியின் கைநாட்டை வாங்கி, தாலுகா ஆபீசில் கொடுத்தாள். பிள்ளை இல்லாதவர்களுக்கும், இருந்தும் சோறு போடாத பிள்ளையைப் பெற்றவர்களுக்கும் மாதா மாதம் மணியார்டர் வருமாம். ரெவின்யூ இன்ஸ்பெக்டர் நேரில் வந்து பார்த்து எழுத வேண்டும், அவ்வளவுதான்.

அவர் வரும் நாளில் மரகதம் ஒரு காரியம் செய்தாள். ஆபீசர் வருகிற வீடு அலங்கோலமாக இருக்கலாமா? தரையை மெழுகினாள். தன் வீட்டு மடக்கு நாற்காலியைக் கொண்டுவந்து போட்டாள். தன் சுங்குடிச் சேலையைக் கிழவிக்குக் கட்டிவிட்டாள். தன் வீட்டுப் பாலில், தன் வீட்டு எவர்சில்வர் டம்ளரில், நுரை ததும்பக் காப்பி கொடுத்தாள்.

இன்ஸ்பெக்டர் நல்ல மனிதர் போலத்தான் இருந்தார்.

"புருஷன் பேரு?"

தையல்நாயகி, புருஷன் பெயரை வாயால் சொல்லாத தலைமுறை. மரகதத்தைப் பார்த்தாள். "வேலாயுதங்க" என்றாள் மரகதம்.

இன்ஸ்பெக்டர் காப்பியைக் குடித்தார். டம்ளரின் விளிம்புக்குக் கீழே புள்ளி புள்ளியாக 'கோ. சிங்காரம்' என்று வெட்டியிருந்தது. அதைக் கட்டைவிரலால் ஒரு முறை தடவிவிட்டுக் கீழே வைத்தார்.

"பையன் இருக்கானாம்மா?"

"இருக்கான்."

"சோறு போடுறானா?"

"பெத்த பிள்ளை போடாம பின்ன எவன் போடுவான்?"

மரகதம் பதறிப்போனாள். "ஏன் அத்தை இப்படிச் சொல்றீங்க! ஐயா, பொய்யிங்க. அவன் எட்டிப் பார்த்தே வருஷக்கணக்காச்சு. நான் போடுற சோத்துலதான் இந்த உசிரு ஓடுது. நாங்களும் ஊரை விட்டுப் போறோம்."

எல்லாக் கதவிலும் ஆள் வந்து நின்றது. தையல்நாயகி மெதுவாகத் திரும்பினாள்.

"உப்புப் பார்க்கத்தானேடி குடுத்தே? நானா வந்து கேட்டேன்?"

இன்ஸ்பெக்டர் குரலைத் தாழ்த்தினார். "போடலைன்னு ஒரு வார்த்தை சொல்லுங்கம்மா. எழுதிட்டுப் போயிடுறேன்."

"வர்ற வெள்ளிக்கிழமை என் பேத்தியைப் பொண்ணு பார்க்க வர்றாங்க. பெத்தவளைப் பட்டினி போட்ட வீடுன்னு ஊரு பேசினா, அந்தக் குட்டியை எவன் கட்டுவான்? போடுறான்னே எழுதிக்குங்க."

அவர் அப்படியே எழுதிக்கொண்டார். வெளியே வந்து சைக்கிளை எடுக்கும்போது உள்ளே குழவி சுற்ற ஆரம்பித்தது. இரவல் சேலையைக்கூட அவள் மாற்றவில்லை. அவர் பெடலில் ஒரு காலை வைத்தபடி கொஞ்ச நேரம் நின்று கேட்டார். பிறகு போய்விட்டார்.

பேத்திக்காகப் பொய் சொன்னாள் ஒருத்தி. அவள் மானத்தை முற்றத்தில் போட்டு உடைத்து உண்மையைச் சொன்னாள் இன்னொருத்தி. சொன்னதைச் சொன்னபடி எழுதினார் ஒருவர். இதில் யார் செய்தது சரி? யோசித்துவிட்டுக் கீழே படியுங்கள்.

தன் பசியை மறைக்க, பசித்தவளுக்கு உரிமை உண்டு. தையல்நாயகியைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சரி என்று சொல்லவும் மனம் வரவில்லை. சரியாகச் செய்தவள் மரகதம்தான், ஆனால் நேரம் தவறிச் செய்தாள். நாற்காலியைக் கொண்டுவந்து போட்டு வீட்டின் வறுமையை மறைப்பதற்கு முன்னால் அந்த உண்மையை அவள் யோசித்திருக்க வேண்டும். இன்ஸ்பெக்டர் செய்தது தவறு. கேட்டு எழுதினால் போதும் என்றால் கிழவியையே ஆபீசுக்கு வரச் சொல்லியிருப்பார்கள். அவரை அனுப்பியது பார்த்து எழுதுவதற்கு. வேலாயுதத்தின் வீட்டில் சிங்காரத்தின் டம்ளரைப் பார்த்தார். கல்லைக் கல் கடிப்பதையும் கேட்டார்.

பெண் பார்க்க வந்தவர்கள் உயரம் போதவில்லை என்று சொல்லிவிட்டார்கள். மரகதம் ஊரை விட்டுப் போன பிறகு வந்த ஐப்பசியில் தையல்நாயகி இறந்துபோனாள். மகன் வந்து கொள்ளி வைத்தான். போகும்போது ஆட்டுக்கல்லை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனான்.