வித்தகனின் கயிற்றை யார் பிடிப்பது?

கேளுங்கள் பெரியவர்களே, சின்னவர்களே, பாதித் தூக்கத்தில் இருப்பவர்களே! வெண்மணல்துறை என்றொரு பட்டினம் இருந்தது. கடலில் முத்து நிறைய இருந்த காலம், கரையில் பொறுமை கொஞ்சம் குறைவாக இருந்த காலம். அந்தக் காலத்துக் கதை இது.

அந்தத் துறையில் முத்துக் குளிக்கும் உரிமையைப் பெருவணிகர் ஒருவர் வைத்திருந்தார். அவர் கண்ணை மூடியதும் அது அவருடைய ஒரே மகன் வித்தகனிடம் வந்தது. வித்தகன் மதுரையில் பன்னிரண்டு ஆண்டு படித்தவன். எடை நூல் படித்தான், எண் நூல் படித்தான், காற்று நூல் படித்தான். ஊர் திரும்பியபோது அந்தச் சுவடிகளை மூன்று கழுதைகள் சுமந்து வந்தன. கழுதைகள் களைத்துப் போயிருந்தன.

அவன் வந்த வாரமே அரசரின் ஓலையும் வந்தது. இளவரசியின் திருமணத்துக்கு நூற்றெட்டு முத்தில் ஒரு மாலை வேண்டும். முப்பது நாளில் காற்று திசை மாறிவிடும். அதற்குள் முத்துகளைத் தராவிட்டால் உரிமை பக்கத்துத் துறைக்குப் போய்விடும். அப்படிப் போனால் வித்தகனின் அப்பா ஏற்றிய கொடி இறங்கும். முத்துக் குளிக்கும் நாற்பது பேரின் வீட்டில் அடுப்பு எரியாது.

இங்கே ஒரு வழக்கத்தைச் சொல்லிவிடுகிறேன். முத்துக் குளிப்பவன் இடுப்பில் கயிறு இருக்கும், காலில் கல் இருக்கும். கல்லோடு ஆழத்துக்குப் போவான், சிப்பி பொறுக்குவான், மூச்சு முட்டும்போது கயிற்றை அசைப்பான். படகில் இருப்பவன் உடனே இழுக்க வேண்டும். இழுக்காவிட்டால் ஆள் மேலே வரமாட்டான். ஆகவே அந்தக் கயிற்றை மச்சான்தான் பிடிப்பான், அதாவது மனைவியின் உடன்பிறந்தவன். தங்கையின் தாலியை நினைத்தாவது கையை விடமாட்டான் அல்லவா? மச்சான் தயவு இருந்தால் மலையேறிப் பிழைக்கலாம் என்பார்கள். இவர்கள் கடலில் இறங்கிப் பிழைத்தார்கள்.

மூன்று கழுதைச் சுமையில் ஓர் ஏட்டில்கூட இது எழுதியிருக்கவில்லை.

முதல் நாள் வித்தகன் படகுகளைப் பார்க்க வந்தான். துறையிலேயே மிக ஆழத்துக்குப் போகிறவன் கொற்றன். அவன் கயிற்றைப் பிடித்திருந்தவன் அவன் மச்சான் நாகன். ஒரு காற்றடித்தால் பறந்துவிடுவான் போல இருந்தான். வித்தகன் எடை நூலைப் புரட்டினான். "கனத்தவனைப் பலசாலி அல்லவா இழுக்க வேண்டும்!" என்று எல்லோரையும் இடம் மாற்றினான். கொற்றனின் கயிறு பூதன் கைக்குப் போனது. பூதன் தனி ஆளாகப் படகைக் கரையேற்றுகிறவன். ஆனால் ஒரு சேவல் விவகாரத்தில் மூன்று ஆண்டுகளாகக் கொற்றனோடு பேசாதவன்.

"ஐயா, ஒரு வார்த்தை..." என்று கொற்றன் வாயெடுத்தான்.

"அது எந்த ஏட்டில் இருக்கிறது?" என்றான் வித்தகன்.

கொற்றன் குனிந்து காலில் கல்லைக் கட்டிக்கொண்டான்.

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று நீங்கள் இப்போது சொல்ல வருவீர்கள். பொறுங்கள். எடை நூல் சொன்னதில் தப்பே இல்லை. பூதன் இழுத்தால் யாராக இருந்தாலும் ஒரே மூச்சில் மேலே வந்துவிடுவார்கள். இறங்கத்தான் யாருக்கும் மனம் வரவில்லை. இறங்கியதும் கயிற்றை அசைத்தார்கள். கூடையில் நாலு சிப்பிதான் இருந்தது.

வித்தகன் எண் நூலைப் பார்த்தான். "அறுபது எண்ணும்வரை ஒவ்வொருவனும் கீழே இருக்க வேண்டும்" என்றான். முப்பதிலேயே வந்தார்கள். காற்று நூலைப் பார்த்தான். "விடிந்ததும் இறங்க வேண்டும்" என்றான். விடிந்ததும் இறங்கி, இருபதிலேயே வந்தார்கள். வித்தகனுக்குக் கோபம் தலைக்கேறியது. "ஏனடா இவ்வளவு சீக்கிரம் இழுக்கிறாய், எருமையே!" என்று பூதனை எல்லோர் முன்னாலும் திட்டினான்.

இருபது நாள் போயிற்று. சேர்ந்தது முப்பத்தொரு முத்து. வித்தகனுக்குச் சோறு இறங்கவில்லை. அப்பாவின் கொடி தன் காலத்தில் இறங்கப்போகிறதே என்று அழுதான். பாவம், அந்த அழுகை உண்மையானது.

மறுநாள் படகில் ஏறி நின்று, "கீழே அப்படி என்னதான் பயம்? நானே இறங்குகிறேன்!" என்றான்.

"தாராளமா இறங்குங்க ஐயா" என்றான் கொற்றன். "கயிறு யார் பிடிக்கணும்?"

"இதென்ன கேள்வி? இருப்பதிலேயே பலசாலி. அதோ, அந்தத் தடியன்."

பூதன் எழுந்து வந்தான். வெற்றிலையை மென்றுகொண்டே கயிற்றைக் கையில் சுற்றினான். வித்தகன் அவன் முகத்தைப் பார்த்தான்.

"உன் பேர் என்ன?"

"இருபது நாள் கழிச்சாவது கேட்டீங்களே. பூதன்."

வித்தகன் இறங்கினான். இரண்டு ஆள் ஆழத்தில், 'அன்றைக்கு இவனைத்தானே எருமை என்றோம்?' என்ற நினைப்பு வந்தது. கயிற்றை அசைத்தான், மேலே வந்தான். மறுபடி இறங்கினான், ஓர் ஆள் ஆழத்திலேயே அசைத்தான். மூன்றாம் முறை, படகின் விளிம்பைப் பிடித்த கையை எடுக்கவே இல்லை.

"அறுபது எண்ணணும் ஐயா" என்று யாரோ நினைவூட்டினார்கள்.

"பயமாக இருக்கிறது" என்றான் வித்தகன். ஊர் திரும்பிய பிறகு ஏட்டைப் பார்க்காமல் அவன் சொன்ன முதல் வார்த்தை அதுதான்.

பூதன் வெற்றிலையைத் துப்பினான். "கொற்றனுக்கும் அப்படித்தானே ஐயா இருக்கும்? கயித்த நான் விடமாட்டேன்னு எனக்குத் தெரியும். தண்ணிக்குள்ள இருக்கிறவனுக்கு எப்படித் தெரியும்?"

கொற்றன் மூன்று ஆண்டுகளில் முதல்முறையாகப் பூதனை நிமிர்ந்து பார்த்தான்.

"அப்படியென்றால் யார்தான் பிடிக்க வேண்டும்?" என்று கேட்டான் வித்தகன்.

"மச்சான்!" என்று நாற்பது குரல்கள் கேட்டன.

"இதை முதல் நாளே சொல்லக் கூடாதா?"

"சொல்லத்தான் வந்தேன்" என்றான் கொற்றன். "நீங்க ஏடு கேட்டீங்க."

வித்தகன் தலை குனிந்தான். "தப்பு என்னுடையது" என்றான். பிறகு ஈரத் துணியோடு படகிலேயே உட்கார்ந்து ஒவ்வொருவரையும் கேட்டான். பேர் என்ன, யாருக்கு யார் மச்சான், யாரோடு யார் பேசுவதில்லை என்றெல்லாம் கேட்டான். கேட்டு முடிக்க உச்சிப்பொழுது ஆகிவிட்டது. கயிறுகள் பழைய கைகளுக்குத் திரும்பின. நாகனும் கொற்றன் படகுக்குத் திரும்பி வந்தான்.

அடுத்த நாள் யாரும் எண்ணச் சொல்லவில்லை. ஆட்கள் அறுபதைத் தாண்டி ஆழத்தில் இருந்தார்கள். கூடைகள் நிறைந்தன. இருபத்தொன்பதாம் நாள் நூற்றெட்டாவது முத்து கிடைத்தது. கொடி இறங்கவில்லை.

முப்பதாம் நாள், கடலின் அடியை ஒருமுறை பார்க்க வேண்டும் என்று வித்தகனுக்கு ஆசை வந்தது. "எனக்குத்தான் மச்சான் இல்லையே" என்றான். யாரும் சொல்லாமலே பூதன் எழுந்து வந்து கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டான்.

வித்தகன் அடிவரை போனான். மணலைத் தொட்டான், ஒரு சிப்பியை எடுத்தான். அதற்குள் கயிறு அவனைச் சரசரவென்று மேலே இழுத்துவிட்டது.

"நான் கயிற்றை அசைக்கவே இல்லையே!" என்றான்.

"ரொம்ப நேரமான மாதிரி இருந்துச்சு ஐயா" என்றான் பூதன். கயிற்றை அவன் இன்னும் கையிலிருந்து அவிழ்க்கவில்லை. கொற்றன் எண்ணிக்கொண்டிருந்தான்; இருபதுகூட ஆகியிருக்கவில்லை.

ஆகவே கேட்டுக்கொள்ளுங்கள்: படிப்பு ஒருவனைத் தலைவனாக்கலாம், ஆனால் தன் ஆட்களின் பேரையும் பயத்தையும் கேட்டுத் தெரிந்துகொள்கிறவனை நம்பித்தான் அவர்கள் ஆழத்தில் இறங்குவார்கள்.