கூவி தலை சாய்த்த நாள்

அந்தக் காலத்தில் வானமும் பூமியும் கூப்பிடு தூரத்தில் இருந்தன. செயற்கைக்கோள்கள் நரியிடமும் நண்டிடமும் நாலு வார்த்தை பேசிவிட்டுத்தான் நகரும். பேசும்போது நேர் கீழே குனிந்து பார்ப்பதுதான் வானத்து மரியாதை. தலையைச் சாய்த்துப் பார்த்தால் திமிர் பிடித்தது என்று பட்டம் கட்டிவிடுவார்கள்.

செயற்கைக்கோள்களில் மூத்தவன் முழியன். வெயிலில் எறும்பைக்கூட எண்ணிவிடுவான், மேகம் மூடினால் ஒன்றும் தெரியாது. இளையவள் கூவிக்குக் கண்ணே கிடையாது. குரல் கொடுப்பாள், அது பூமியில் பட்டுத் திரும்புவதைக் கேட்டு எங்கே என்ன இருக்கிறது என்று சொல்லிவிடுவாள். மேகமும் இருட்டும் அந்தக் குரலைத் தடுக்காது. அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

ஓர் ஐப்பசியில் கொள்ளிடம் பெருகியது. நடு ஆற்று மணல்திட்டில் பூவாயி என்ற நரி நான்கு குட்டிகளோடு மாட்டிக்கொண்டது. கரைகளில் ஒன்று உடைந்துவிட்டது. எது என்று மழையில் தெரியவில்லை.

"அண்ணே, எந்தக் கரை நிக்குது?" என்று மேலே பார்த்துக் கத்தியது.

"ஒரே மேகமா கிடக்கு தாயி, ஒண்ணும் தெரியல," என்றான் முழியன்.

"நான் சொல்றேன்," என்று கூவி முந்திக்கொண்டாள். மரியாதையாக நேரே குனிந்து குரல் கொடுத்தாள். இரண்டு கரையும் ஒரே தூரத்தில் இருந்ததால் இரண்டின் பதிலும் ஒரே நேரத்தில் கலந்து வந்து விழுந்தது. ஏதோ ஒரு கரை நிற்கிறது. எது? தெரியாது என்று சொல்ல அவளுக்கு வெட்கமாக இருந்தது.

"வடகரை," என்று சொல்லிவிட்டாள்.

பூவாயி ஒரு குட்டியைக் கவ்விக்கொண்டு வடக்கே நீந்தத் தொடங்கியது. தான் சொன்னது வெறும் ஊகம் என்று கூவிக்குத் தெரியும். திமிர் என்றால் திமிராகவே இருக்கட்டும் என்று தலையைத் தெற்கே சாய்த்துக் குரல் கொடுத்தாள். கிட்டே இருந்தது முதலில் பதில் சொன்னது, எட்ட இருந்தது பிறகு சொன்னது. கல், பனை, மேடு என்று தென்கரை தனித்தனியாகப் பேசியது. வடக்கே சாய்த்தாள். கரை உடைந்து தேங்கிய தண்ணீர் குரலை அந்தப் பக்கமே தள்ளிவிட்டது, பதிலே இல்லை.

"பூவாயி, திரும்பு! நான் சொன்னது தப்பு! தென்கரைக்குப் போ!"

"பெரியவங்க முன்னால என்ன சாய்வு? நேரா குனி," என்று முழியன் அதட்டினான்.

"குனிஞ்சா ரெண்டு கரையும் ஒண்ணா கலந்துடுதுண்ணே."

ஆனால் தலை சாய்ந்திருந்ததால் நேர் கீழே இருந்த ஆறு அவளுக்குக் கேட்கவில்லை. நரி திரும்பியதா, மூழ்கியதா? தெற்கே காதை வைத்துக் காத்திருந்தாள். வெகுநேரம் கழித்துத் தென்கரையில் ஒரு குட்டி முனகியது. பிறகு இரண்டாவது. மூன்றாவது. அப்புறம் சத்தமே இல்லை. கூவி அழுதேவிட்டாள். கடைசியில் நாலாவது குட்டி தும்மியது.

"இனிமே தெரியலன்னா தெரியலன்னு சொல்லுடி," என்று பூவாயி மூச்சு வாங்கியபடி கத்தியது.

அன்று முதல்தான் கூவியைப் போலக் குரல் கொடுத்துக் கேட்கும் ரேடார் செயற்கைக்கோள்கள் பக்கவாட்டில் சாய்ந்தே பூமியைப் பார்க்கின்றன. மேகத்துக்கு அடியில் எந்தக் கரை உடைந்தது என்று சொல்கின்றன. தங்களுக்கு நேர் கீழே இருப்பதைப் பற்றிக் கேட்டால் மட்டும், தெரியாது என்று ஒப்புக்கொள்கின்றன.