எண்ணாமல் கட்டிய முப்பத்தெட்டு

கேட்டுவிட்டு நியாயம் சொல்லுங்கள். பாதி கேட்டுவிட்டுச் சொன்னால் எனக்குக் கோபம் வரும்.

நெடுஞ்சாலையோர ஊராட்சி ஒன்றில் பழைய லாரி டயர் வாங்கி விற்கிறவள் ரஞ்சிதம். பேரம் பேசிப் பேசியே முன்னுக்கு வந்தவள். ஊராட்சித் தலைவர் தேர்தலில் நின்று, வையாபுரியிடம் ஏழு ஓட்டில் தோற்றாள். தோற்றது கூடச் சுடவில்லை. முப்பத்தெட்டு வாக்குச் சீட்டுகளைச் செல்லாதவை என்று சொல்லி, எண்ணும் மேசையில் நின்ற அவளுடைய ஏஜெண்டுக்குக் காட்டாமலே கட்டிப் போட்டார்களே, அதுதான் சுட்டது.

வழக்குப் போடப் பணம் வேண்டுமே. வீடு வீடாக ஏறினாள்.

"என்னை ஜெயிக்க வைக்கக் கேக்கலீங்க. அந்த முப்பத்தெட்டை எண்ண வைக்கக் கேக்கறேன். நானா பாதியில விட்டா, குடுத்த காசைக் கொண்டாந்து உங்க வாசல்ல வெப்பேன்."

வெல்டர் நாச்சிமுத்து ஐந்நூறு ரூபாய் நீட்டினான். "அக்கா, நான் உங்களுக்குப் போடலீங்க. வையாபுரி அண்ணனுக்குத்தான் குத்துனேன். என் சீட்டும் அந்தக் கட்டுல கெடக்குதோ என்னமோ!"

"கெடந்தா அவருக்கு இன்னொண்ணு கூடுமேடா?"

"கூடட்டுமுங்க. எண்ணட்டும்."

வழக்கு நடந்தது. அந்தக் கட்டைக் கொண்டுவரச் சொல்லி நீதிமன்றம் உத்தரவு போட்டது. மறுநாளே வையாபுரியின் கார் டயர்க் கடைக்கு முன்னால் வந்து நின்றது.

"ஊர்க்காரங்க குடுத்தது பூராவும் நான் தர்றேன் ரஞ்சிதம், உன் செலவும் சேத்தி. திருப்பிக் குடுத்துட்டு வாபஸ் வாங்கிக்க. நீ சொன்ன சொல்லும் நின்னாப்புல ஆச்சு."

ரஞ்சிதம் பணம் கொடுத்தவர்களைக் கூப்பிட்டுவிட்டாள்.

சாப்பாட்டுக் கடை நடத்தும் பழனாள் முதலில் வாயைத் திறந்தாள். "தீர்ப்பு அவரு பக்கம் போனா என் காசும் போச்சு. பிள்ளைக்குப் பீஸ் கட்டோணும் அக்கா. வாங்கிக் குடுத்துரு." முக்கால்வாசிப் பேர் அவள் பக்கம் தலையாட்டினார்கள்.

எல்லாரையும்விட அதிகம் கொடுத்தவர் செங்கல் சூளை ராசப்பன். "அவசரப்படாதே. ஊராட்சிக் குழாய் வேலைக் காண்ட்ராக்டையும் சேத்துக் கேளு. பயந்து போயிருக்கான், படிவான்."

நாச்சிமுத்து மட்டும் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். "எனக்குக் காசு வேண்டாமுங்க. எண்ணோணும்."

காரின் இன்ஜின் ஓடிக்கொண்டே இருக்கிறது. ரஞ்சிதம் பதில் சொல்லியாக வேண்டும்.

பெரும்பான்மையோடு நிற்கும் பழனாள், பெருந்தொகை கொடுத்த ராசப்பன், தனியாளாக நிற்கும் நாச்சிமுத்து. இவர்களில் யார் சொல்வது நியாயம்?

விடை: நாச்சிமுத்து சொல்வது. ஆனால் அவன் பணம் கொடுத்தான் என்பதற்காக அல்ல. காசு கொடுத்தவர் தன் காசைக் கேட்கலாம். அதற்கு மேல் பேச உரிமை இல்லை. அந்த முப்பத்தெட்டில் வழக்குக்குச் சல்லிக்காசு கொடுக்காதவன் ஓட்டும் கிடக்கலாம். அவனைக் கேட்காமல் அதற்கு விலை பேச இவர்கள் யார்? வழக்கைப் பாதியில் விடாதவரை ரஞ்சிதம் பணத்தைத் திருப்ப வேண்டிய கட்டாயமும் இல்லை. ஆனாலும் அவள் பழனாளைப் பார்த்து, "உன் காசை என் சரக்கை வித்துத் தர்றேன், போ" என்றாள். பிறகு காருக்குப் போய்க் கண்ணாடியைத் தட்டினாள். "அண்ணா, எண்ணி நான் தோத்தாலும் தோத்துட்டுப் போறேன். இந்தக் கடையில எதுக்கு வேணாலும் வெலை கேளுங்க. அந்தக் கட்டு என் சரக்கு இல்ல. வண்டியை எடுங்க, லோடு வருது."