சாய்ந்து நிற்பவள்

“நங்கூரமா, கலசமா? நீங்களே சொல்லிருங்க சாமி.”

கேட்டவர் சிதம்பரதாணு. அருங்காட்சியகத்தில் உடைந்த சிலைகளையும் ஜாடிகளையும் ஒட்டிச் சரிசெய்து ஓய்வு பெற்றவர். ஊர்ப்பட்ட தேவதைகளுக்கு மூக்கு வைத்த கை. மடத்தில் எதிரே இருந்த குருவுக்கு அவருடைய மகன் வயதுதான் இருக்கும்.

அந்த மகன் குமரேசன் இப்போது இல்லை. இல்லை என்று சொல்லவும் முடியவில்லை. அவன் வேலை பார்த்த கப்பல் புயலில் போயிற்று. உடலும் வரவில்லை, தகவலும் வரவில்லை.

தாணு துணியைப் பிரித்து ஒரு நீலப் பீங்கான் ஜாடியை வைத்தார். சீமைச் சரக்கு. நீலத்தின் மேல் வெள்ளையாகப் புடைத்து ஒரு பெண், பழைய கிரேக்க உடையில், ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றாள். அவள் முழங்கைக்குக் கீழே பீங்கான் பெயர்ந்து சொரசொரவென்று கிடந்தது.

“இவ யாரு?” என்றார் குரு.

“அதுதான் தெரியலை. இந்த ஜாடி செய்யுதவங்க பொம்பளைக்கு ஒரே அச்சுதான் வச்சிருப்பாங்க. பக்கத்துல நங்கூரத்தை ஒட்டினா அவ பேரு நம்பிக்கை. அஸ்திக் கலசத்தை ஒட்டினா துக்கம். மூஞ்சி ஒண்ணுதான்.”

“முன்னால எது இருந்துது?”

“தடம்கூட இல்லை. குமரேசன் ஏதோ துறைமுகத்துல பழைய கடையில வாங்கினான். வரும்போதே இப்படித்தான். ‘நீங்க ஒட்டிருவீங்கல்லப்பா’ன்னான். அடுத்த தடவை அவன் வரதுக்குள்ள செஞ்சிரலாம்னு வச்சிட்டேன்.”

தாணு ஜாடியின் விளிம்பைத் துணியால் துடைத்தார்.

“சொந்தக்காரங்க காரியம் செய்யச் சொல்லுதாங்க. என் வீட்டுக்காரி பகவதி ஒரே பிடியா நிக்கா. ‘உங்களுக்குத் தெரியாத பொம்மையா? ஒட்டுங்க. நங்கூரம்னா என் பிள்ளைக்குக் காத்திருக்கேன். கலசம்னா நாள் குறிங்க, அழுது தீத்துருதேன்’னு சொல்லிட்டா.”

உலகத்துப் பொம்மைகளுக்கெல்லாம் பொருள் சொன்ன மனிதர், பெற்ற மகன் விஷயத்தில் திண்டாடிப் போயிருந்தார். பார்க்கவே பாவமாக இருந்தது.

சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்தார். உள்ளே வெள்ளையாக ஒரு சின்ன நங்கூரம், ஒரு சின்னக் கலசம். இரண்டையும் அவரே செய்திருந்தார். இரண்டும் அச்சு அசலாக இருந்தன.

“உங்க கை எதை எடுக்குது?” என்று கேட்டார் குரு.

“விடிஞ்சதும் நங்கூரத்தை எடுக்கேன். விளக்கு வைக்கிற நேரத்துல கலசத்தை எடுக்கேன்.”

குரு கையை நீட்டினார். தாணு இரண்டையும் கொடுத்தார். குரு விரல்களை மூடிக்கொண்டார்.

“இது ரெண்டும் இங்கேயே இருக்கட்டும்.”

“அப்போ ஜாடி?”

“நல்லாப் பாருங்கய்யா. இப்போ அவ எது மேல சாஞ்சிருக்கா?”

தாணு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தார். “ஒண்ணுமில்ல சாமி.”

“விழுந்துட்டாளா?”

“இல்ல சாமி, நிக்கா” என்றார் தாணு. பிறகு ஜாடியைத் துணியில் சுற்றிக்கொண்டு எழுந்தார்.

“வரேன் சாமி. பகவதி வாசல்லயே நிப்பா.”