கலியன் நின்ற மூலையும் மூன்று குழல்களும்

வாத்து மேய்ப்பவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. ஒரு மந்தைக்கு ஒரே ஊதுகுழல்தான். ஒருமுறை ஊதிப் பார்ப்பதில் குற்றமில்லை. ஆனால் இரண்டு குழல்களைப் பழக்கினால் மந்தை இரண்டுக்கும் வராது. மேய்ப்பவன் இறந்துபோனால் அவனுடைய குழலையும் அவனோடு குழிக்குள் வைத்துவிடுவார்கள். ஏன் என்று கேட்டால், "அவன் பொருள், அவனோட போகட்டும்" என்பார்கள். அதற்கு மேல் யாரும் யோசித்ததில்லை.

கலியனும் அப்படித்தான் தன் பித்தளைக் குழலோடு போய்ச் சேர்ந்தான். அவன் மனைவி வேம்பாயிக்கு மிஞ்சியது வாத்து மந்தையும், அறுத்த வயலின் ஓரத்தில் சாக்கால் மறைத்த ஒரு குடிசையும்தான். பிள்ளை இல்லை. பகலில் பேச்சுத் துணைக்கும் ஆள் இல்லை. சாயங்காலம் அடுப்பு மூட்டினால் கை தானாக இரண்டு பேருக்கு அரிசி அளந்துவிடும். பிறகு பாதியைப் பானையில் திரும்பக் கொட்டுவாள்.

கலியன் இருந்தவரை வேலை பிரிந்து கிடந்தது. மந்தையை ஓட்டுவதும் ஊதி அழைப்பதும் அவன். விடியலில் தகர டின்னைத் தட்டித் தீனி போடுவது அவள். அந்தத் தட்டல் பட்டியைத் தாண்டிக் கேட்காது. அதனால் இப்போது தினமும் கோலை எடுத்துக்கொண்டு வாய்க்காலில் இறங்கி, சேற்றில் விழுந்து எழுந்து, விரட்டித்தான் அடைத்தாள். நரி பிடிக்குமோ, அணையில் தண்ணீர் திறந்துவிடுவார்களோ, ஒன்றிரண்டு அடுத்தவன் பட்டியில் போய்ச் சேர்ந்துவிடுமோ என்று மனசு ஓயாமல் அடித்துக்கொண்டது.

அந்த நேரம் பார்த்துக் கொழுந்தன் சடையன் வந்தான்.

"அண்ணி, இங்க மேய்ச்சல் முடிஞ்சுபோச்சு. நாளைக்கு ஆத்தைத் தாண்டி அக்கரைக்கு ஓட்டணும். அங்க போனதும் கோலைத் தொடாம ஊதியே கூப்பிடுங்க. வந்துச்சுன்னா மந்தை உங்களோடது. சிதறுச்சுன்னா என்கிட்ட விட்டுட்டு எங்க வீட்டுப் பின்பக்கம் நிம்மதியா இருங்க."

"பின்பக்கமா? அங்கதான் உன் பொண்டாட்டி உரல் போட்டிருக்காளே!"

"உரலை நகர்த்திக்கலாம் அண்ணி."

மற்ற மேய்ப்பர்களும் அதுதான் நியாயம் என்றார்கள்.

வேம்பாயிக்காக மூன்று பேர் குழல் செய்திருந்தார்கள். கலியனுக்குச் செய்துகொடுத்த அதே கன்னார் வைத்தி, அதே அளவில் இன்னொரு பித்தளைக் குழல் செய்து தந்தார். "கண்ணை மூடிக்கிட்டுக் கேளு, கலியனேதான்" என்றார். கூடை முடைகிற செங்கேணி மூங்கிலில் ஒன்று செய்தாள். தகரப் பட்டறை மஸ்தான் பாய், "உன் தீனி டின்தான் அடி ஓட்டையாப் போச்சே தங்கச்சி, அதைக் கொடு" என்று வாங்கி, அந்தத் தகரத்தையே வெட்டிச் சுருட்டிப் பற்றவைத்துக் கொடுத்தார்.

அன்று பொழுது சாய்வதற்குள் மூன்றையும் ஊதிப் பார்த்தாள். மந்தை வாய்க்காலில் கிடந்தது.

முதலில் பித்தளை. ஒரு வாத்துகூட மிச்சமில்லாமல் மந்தை முழுதும் சிறகடித்துக் கரையேறியது. அவள் காலை உரசிக்கொண்டு, நிற்காமல், அவளைக் கடந்து போய் வரப்பு மூலைப் பனையடியில் கூடியது. கலியன் வழக்கமாக நின்று ஊதுகிற இடம் அது. அங்கே கழுத்தை நீட்டி நீட்டிப் பார்த்துவிட்டு, ஒவ்வொன்றாகத் தண்ணீருக்குத் திரும்பியது. வேம்பாயியும் அந்த மூலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பித்தளைதான் அண்ணி. இன்னும் என்ன யோசனை?" என்றான் சடையன்.

அடுத்தது மூங்கில். பக்கத்தில் யாரோ உட்கார்ந்து மெல்ல முணுமுணுப்பது போன்ற ஓசை. ஒரு வாத்துகூடத் தலையைத் தூக்கவில்லை. ஆனால் கலியன் போன நாளிலிருந்து நெஞ்சை அடைத்துக்கொண்டிருந்தது கொஞ்சம் இளகியது. நிறுத்த மறந்து ஊதிக்கொண்டிருந்தாள்.

"வாத்து வராட்டிப் போகுது அக்கா, உன் முகம் தெளிஞ்சிருச்சே" என்றாள் செங்கேணி. வேம்பாயிக்கும் பிடித்துப்போனது அந்தக் குழல்தான்.

கடைசியில் தகரம். கரகரவென்று காதைச் சுரண்டியது. மேய்ப்பர்கள் சிரித்தார்கள். "என்ன பாய், கூப்பிடச் செஞ்சீங்களா, விரட்டச் செஞ்சீங்களா?"

சில வாத்துகள் மட்டும் கரையேறின. நேராக வேம்பாயியிடம் வந்து, தலையைச் சாய்த்து அவள் கையைப் பார்த்தன. கையில் ஒன்றுமில்லை. சற்று நின்றுவிட்டுத் திரும்பிப் போயின.

மூன்று குழல்களையும் மடியில் வைத்துக்கொண்டு அவள் தனியாக உட்கார்ந்தாள். ஒன்று முழு மந்தையையும் கரையேற்றியது. ஒன்று அவளுக்கு ஆறுதல் தந்தது. மற்றொன்றுக்கு ஏதோ சில வாத்துகள் வந்தன, அவ்வளவுதான். விடிந்தால் ஒன்றைக் கழுத்தில் கட்டிக்கொண்டு ஆற்றைக் கடந்தாக வேண்டும். தவறினால் மந்தையும் போகும், இருக்க இடமும் உரல் பக்கத்தில்தான்.

வேம்பாயி எந்தக் குழலைக் கட்டிக்கொள்ள வேண்டும்? யோசித்துச் சொல்லிவிட்டுக் கீழே படியுங்கள்.

விடை: தகரக் குழலை. பித்தளைக்கு முழு மந்தையும் வந்தது உண்மைதான், வந்தது கலியனிடம். அக்கரையில் அந்தப் பனையும் இல்லை, அவன் நின்ற மூலையும் இல்லை. அங்கே மந்தை அவனைத் தேடி வயல் வயலாகச் சிதறியிருக்கும். இறந்தவன் குழலைக் குழியில் வைப்பது அதற்காகத்தான். தகரத்துக்கு வந்தவை சிலவேயானாலும் அவளிடம் வந்தன. தீனி டின்னின் தகரம்தானே அது, அந்த ஓசை கேட்டதும் தினமும் தீனி போட்ட கையைத் தேடின. மறுநாள் அக்கரையில் அவள் கை நிறைய நெல்லோடு ஊதினாள். முதலில் அந்தச் சில வந்தன, அவற்றின் பின்னாலேயே மந்தை வந்தது. சடையன் வீட்டு உரலை யாரும் நகர்த்தவில்லை. மூங்கில் குழலை வாத்துகள் காதிலேயே வாங்காததால் அதை ஊதினாலும் ஒரு மந்தைக்கு ஒரே குழல் என்ற வழக்கம் கெடவில்லை. அன்று சாயங்காலம் ஒரு ஆளுக்கு மட்டும் அரிசி அளந்து போட்டாள். அது வேகும்வரை மூங்கிலை ஊதிக்கொண்டிருந்தாள்.